கால் மாத்திரை

வட்டகொடை
01.06.2025

அக்கா,

புத்தகத்தின் மேலட்டையைப் பிரித்து இதைக் கண்டுபிடித்துவிட்டாய் என்றால் உன் மூளையை மாமியார் வீடு இன்னும் முழுசாகத் தின்னவில்லை. படித்து முடித்ததும் கடிதத்தை அடுப்பில் போடு. புத்தகத்தைப் போட்டுவிடாதே, அது பள்ளிக்கூடத்துச் சொத்து. சுட்டு வந்தது நான்.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. "அக்கா ஓ.எல். பரீட்சையில தமிழை மறுபடியும் எழுதப் போறா, பாஸானா பிள்ளைக் காம்பராவுல புள்ளைங்களப் பாத்துக்கிற வேல கெடைக்கும்" என்று சொல்லித்தான் இந்த இலக்கணப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. நீயும் லோஜன் மச்சானிடம் அதையே சொல். பெண்டாட்டிக்கு மாதச் சம்பளம் வரும் என்றால் எந்தப் புருஷன் புத்தகத்தைப் பிடுங்குவான்?

உன் போனை மச்சான் வாங்கி வைத்துக்கொண்டார். என் நம்பரையும் பூட்டிவிட்டார். அது என் குற்றம்தான். ஏப்ரல் முதலாம் தேதி ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி சிங்களத்தில் பேசி, "உங்கம்மா அஞ்சாம் வார்டுல" என்று சொல்லி, கொட்டுகிற மழையில் ஹட்டன் வரைக்கும் அவரை த்ரீவீல் ஓட்ட வைத்தேன். அவர் அம்மா வீட்டில் பருப்புக் கடைந்துகொண்டிருந்தார். இன்னும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. உனக்கு வராது, தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அட்டைக்குள் இன்னொரு அட்டை இருக்கிறது, மாத்திரை அட்டை. இருபத்தொரு வெள்ளை, ஏழு பிரவுண். தலவாக்கலை பாமசியில் வாங்கினேன். "யாருக்கு?" என்றார் கடைக்காரர். "அம்மாவுக்கு" என்றேன். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் செத்துப்போன அம்மாவுக்கு எதற்கு என்று அவருக்குத் தெரியாதுதானே.

ரஜி பிறந்தபோது உனக்கு நாலு பை ரத்தம் ஏற்றினார்கள். மூன்று வருடத்துக்கு அடுத்த பிள்ளை வேண்டாம், உடம்பில் ரத்தமே இல்லை என்று கிளினிக்கில் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். உன் மாமியார் வீரம்மாவுக்கு மட்டும் அது காதில் ஏறவில்லை, ஆண்பிள்ளை வேண்டுமாம். போன வருடம் அரிசி டின்னுக்குள் இருந்த அட்டையை அடுப்பில் போட்டது போதாதென்று, இப்போது கிளினிக்குக்கும் உன்னோடு வால் பிடித்து வருகிறார். அதனால்தான் இந்த வேலை.

இது எப்படி வேலை செய்கிறது என்று போன வருடம் கேட்டாயே. மாத்திரையும் என்னைப் போல ஓர் ஏமாற்றுக்காரி. "இவள் ஏற்கெனவே பிள்ளைத்தாச்சி" என்று மூளைக்குத் தினம் ஒரு பொய் சொல்லும். மூளை அதை நம்பி, அந்த மாதத்து முட்டையை வெளியே அனுப்பாது. கர்ப்பப்பை வாசலில் சளியும் தடித்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். கடைசி ஏழும் வெறும் இரும்புச் சத்து. பொய் நின்ற அந்த வாரத்தில் மாதவிலக்கு வரும்.

இனிமேல் எழுதுகிற கடிதத்தை மச்சான் வாசிப்பார். அதனால் எல்லாம் இலக்கணம். மாத்திரை என்றால் மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அட்டை என்றால் இந்த அட்டை. பாடம் படித்தேன் என்றால் போட்டேன். சிவப்பு மை என்றால் புரிந்துகொள்.

ஒரு சின்ன விஷயம். பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாளும் இருந்தது. அதையும் வைத்தால் அட்டை கர்ப்பிணி மாதிரி முட்டிக்கொண்டு தெரிந்தது. எடுத்துவிட்டேன். என் வரலாற்றுப் புத்தகத்தில் பக்க அடையாளமாக இருக்கிறது.

உன் வாத்தியார்,
சுலக்ஷனா


நோட்டன் பிரிட்ஜ்
10.06.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். அப்பா கொண்டுவந்த புத்தகம் கிடைத்தது. நான்காம் தேதியிலிருந்து தினம் ஒரு பாடம் படிக்கிறேன். மச்சானும், "படி, நல்லதுதானே" என்றார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் தபாலில் போடுவார்.

படிக்க ஆரம்பித்தால் வயிறு பிரட்டுகிறது. பரீட்சைப் பயமாக இருக்கும். தலையும் லேசாக வலிக்கிறது. போன வருடம் படித்தபோதும் முதல் வாரம் இப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை திருவிழாவுக்குப் போனதில் ஒரு மாத்திரை விட்டுப்போய்விட்டது. அந்தக் கணக்கை எப்படிச் சரி செய்வது என்று எழுது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஒரு மாத்திரை பிசகினால் சொல்லே மாறிவிடும் என்று நீதானே சொல்வாய்.

அத்தை நேற்றுக் கேட்டார்: "எந்நேரமும் பொஸ்தகமும் கையுமா இருக்கியே, இந்தப் படிப்பு என்னா உன் வயித்துல பேரனா வளருது?" பக்கத்து வீட்டார் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புத்தகத்தை நான் வைத்த இடத்தில் காணவில்லை. தேடினால் அத்தையின் தலைமாட்டில் இருந்தது. அட்டையைத் தடவிப் பார்த்தாரோ என்னவோ. அன்று முழுக்க எனக்குக் கொழுந்து பறிக்கக் கை ஓடவில்லை.

ரஜி உன்னைக் கேட்கிறாள்.

அக்கா,
பிரேமினி


வட்டகொடை
14.06.2025

பெருமதிப்புக்குரிய மாணவி பிரேமினி அவர்களுக்கும், இதை முதலில் வாசிக்கும் மேன்மைதங்கிய மச்சான் அவர்களுக்கும் வணக்கம்.

விட்டுப்போன மாத்திரை பற்றிய சந்தேகம். ஒரு நாள் குறில் விடுபட்டால், ஞாபகம் வந்த உடனே அதை வாசிக்க வேண்டும். அன்றைய குறிலையும் வழக்கமான நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மாத்திரை ஆகிவிடும், அதாவது நெடில். ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விட்டால்தான் ஆபத்து. அப்போது ஏழு நாளைக்குப் புணர்ச்சி விதிகளைத் தள்ளிவைப்பது உத்தமம். இது இலக்கணத்தில் இருக்கிறது மச்சான், நானாகச் சொல்லவில்லை.

வயிற்றுப் பிரட்டல் புது மாணவிகளுக்கு வருவதுதான். சாப்பிட்ட பிறகு படி.

இனி அடுத்த பாடம். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை. கால் என்றால் நாலில் ஒன்று. அட்டையில் கால் பங்கு மிஞ்சும்போது, அதாவது பிரவுண் பக்கங்கள் வரும்போது, எனக்கு எழுது. அடுத்த புத்தகம் அனுப்ப வேண்டும்.

அத்தை அட்டையைத் தடவினால் தடவட்டும். படிப்பின் மேல் ஆசை வந்திருக்கும்.

சுலக்ஷனா


நோட்டன் பிரிட்ஜ்
23.06.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாடம் ஒரு நாளும் விடவில்லை.

அட்டையால் பெரிய தொல்லை. கால் கிடந்து இழுக்கிறது. ரொம்பக் கனமாக இருக்கிறது. எல்லாம் அட்டையால்தான். இரண்டு நாளாக வேலைக்கும் போகவில்லை. என்ன செய்யலாம்?

அத்தை பக்கத்தில் இருக்கிறார். உடனே பதில் போடு.

பிரேமினி


வட்டகொடை
27.06.2025

அன்பு மாணவிக்கு,

சபாஷ்! கால் கிடக்கிறதா? இருபத்தெட்டில் கால், ஏழு. தேதியை எண்ணிப் பார்த்தேன், ஓரிரு நாள் முந்தினாலும் கணக்கு வருகிறது. நான் சொல்லிக் கொடுத்ததை இவ்வளவு அழகாக எழுதுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. வாத்தியாரையே மிஞ்சிவிட்டாய்.

கனமாக இருப்பதாக எழுதியது சிவப்பு மையைத்தானே. முதல் மாதம் கூடக்குறைய வரும். இழுத்துக்கொண்டு போனாலும் பயப்படாதே, அடுத்த மாதம் சரியாகிவிடும். கஞ்சி குடி, கீரை தின்னு.

இரண்டாம் பாகம் புத்தகத்தை இன்றே தபாலில் போடுகிறேன். புது அட்டை போட்டிருக்கிறேன், பத்திரம். பழைய அட்டை முடிந்த மறுநாளே இதை ஆரம்பித்துவிடு. இடைவெளி விடாதே. என்ன ஆனாலும் விடாமல் படி.

சுலக்ஷனா

பின்குறிப்பு: கால் கிடக்கும், அரை நடக்கும், முழு ஓடும். என் பகடி எப்படி?


நோட்டன் பிரிட்ஜ்
02.07.2025

சுலா,

இதைப் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே வேலை செய்கிற சுதர்ஷினி தானே கொண்டுபோய்த் தபாலில் போடுவதாகச் சொன்னாள். மச்சான் வாசிக்க மாட்டார். அதனால் இலக்கணம் வேண்டாம்.

நான் எழுதியது என் கால், பாவி. என் இடது கால்! அட்டை என்றது அட்டைப் பூச்சியை. மழை தொடங்கியதிலிருந்து மலையில் அட்டை அப்பிக்கொள்கிறது. சவுக்காரம் தேய்த்துக்கொண்டு போனாலும் ஏறிவிடுகிறது. போன மாதம் இருபதாம் தேதி பின்னங்காலில் இழுத்துப் பிடித்ததுபோல வலித்தது. அட்டைதான் கடித்திருக்கும் என்றார் அத்தை. கடிவாய் எங்கே என்று பார்த்தேன், தெரியவில்லை. ரத்தமும் வரவில்லை. சுண்ணாம்பு தடவினார். மஞ்சள் வைத்துக் கட்டினார். குறையவில்லை.

இப்போது முழங்காலுக்குக் கீழே வலது காலைப்போல ஒன்றரை மடங்கு இருக்கிறது. தொட்டால் சுடுகிறது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. மச்சானிடம் காட்டினேன். "அட்டைக் கடிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கா? சிரிப்பாங்க" என்றார்.

உன் கடிதத்தை வாசித்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, அழுகையோடு. ஆனால் நீ எழுதியிருந்தாயே, என்ன ஆனாலும் விடாமல் படி என்று. ஒருவேளை உனக்கு எல்லாம் புரிந்துதான் அப்படி எழுதினாயோ என்று நினைத்து, இன்று காலை புது அட்டையில் முதல் வெள்ளையைப் போட்டுவிட்டேன்.

போட்ட பிறகுதான் பயம் வந்தது. ஏனென்று தெரியவில்லை. லயத்து வீட்டிலிருந்து காம்பராவுக்கு இருபது படி இருக்குமா? நடுவில் மூன்று தடவை நின்றேன். மூச்சு முழுதாக உள்ளே போகமாட்டேன் என்கிறது. மேல் மூச்சாகவே இருக்கிறது. ரஜியைத் தூக்க முடியவில்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அட்டை கடித்தால் மூச்சு வாங்குமா சுலா? உன் புத்தகத்தில் எங்காவது இருக்கிறதா, பார்த்து எழுது. விளையாடாமல் எழுது.

அக்கா


வட்டகொடை
06.07.2025, ஞாயிறு, காலை பத்து மணி

அக்கா,

இந்தக் கடிதத்தை அப்பா கையிலேயே கொண்டுவருகிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் கிளம்பு. மிச்சத்தை வண்டியில் வாசி.

நீ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாளைக்கு இல்லை, காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு இல்லை, இப்போதே. காலைத் தேய்க்கவிடாதே. அமுக்கிவிட யாரையும் விடாதே. மாத்திரையை நிறுத்து. பெரிய ஆஸ்பத்திரிக்கே போ. டொக்டரிடம் முதலில் மூன்று விஷயம் சொல்: ஒற்றைக் கால் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது, மாத்திரை போடுகிறேன். கடைசியை அத்தை பக்கத்தில் நின்றாலும் சொல். கூச்சப்பட்டு அதை மட்டும் விழுங்கிவிடாதே.

உன் கடிதம் நேற்றுச் சாயந்தரம் வந்தது. நான் வாசிக்கும்போது என் முகம் போன போக்கைப் பார்த்து அப்பா பிடுங்கிக்கொண்டார். மாத்திரை சமாசாரம் எல்லாம் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். அவர் அந்த இடத்துக்கு வரவே இல்லை. காலைப் பற்றி எழுதியிருந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒத்தக் காலா?" என்றார்.

"ஆமாப்பா. அட்டைக் கடியாம்."

"ஒங்கம்மாவுக்கும் ஒத்தக் காலுதான் வீங்குச்சி. கடைசிப் புள்ள பொறந்து, அது செத்துப் பன்னெண்டாம் நாளு. அட்டைக்கடின்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நாந்தான் சுண்ணாம்பு தடவுனேன். கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்தவ நெஞ்சப் புடிச்சா. அவ்வளவுதான்."

பிறகு சொன்னார்: "பன்னெண்டு நாளா வூட்ட விட்டே எறங்காதவள எந்த அட்டை வந்து கடிக்கும்? அது அன்னைக்கு எனக்குத் தோணலியே."

அக்கா, நமக்கு அம்மா மூச்சடைத்துச் செத்தது மட்டும்தான் தெரியும். கால் கதை தெரியாது.

காலையில் விடிந்ததும் மிட்வைஃப் மிஸ்ஸின் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாமசியில் சொன்ன பொய் உட்பட. அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். காலில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம், அது பிய்ந்து நெஞ்சுக்குள் போனால்தான் இப்படி மூச்சு வாங்கும் என்றார். இந்த மாத்திரை ரத்தத்தைக் கொஞ்சம் சீக்கிரம் உறையவைக்குமாம். பத்தாயிரம் பெண்களில் வருடத்துக்கு ஏழெட்டுப் பேருக்குத்தான் அப்படி ஆகுமாம். பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போதும் பெற்ற உடனேயும் வருகிற ஆபத்து அதைவிட அதிகமாம். அம்மாவுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்றார். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கவே மாட்டார்களாம்.

"அத நாங்க கட்டாயம் கேக்கிறதுதானே, ஒங்க அக்காகிட்டயும் கேட்டிருப்பாங்கதானே?" என்றார்.

கேட்டார்கள் அக்கா. போன வருடம் உன் கிளினிக்கில் நானும் இருந்தேன். "குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டு இருக்கா?" என்று கேட்டார்கள். நான்தான் முந்திக்கொண்டு, "கீழ விழுந்தா எல்லாருக்கும் ரத்தக்கட்டுத்தான் மிஸ், எங்கப்பாவுக்கு முதுகு பூராவும்" என்றேன். நீ சிரித்தாய். எழுதிக்கொண்டிருந்த மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "இல்லை" என்று கோடு போட்டுவிட்டார்.

துண்டுத்தாளை எடுத்து வாசித்தேன். தமிழிலும் இருக்கிறது. ஒற்றைக் கால் வீக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல்: உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்லவும். ஒரு மாதமாக இந்தத் தாள் என் வரலாற்றுப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அட்டை முட்டிக்கொண்டு தெரியும் என்று எடுத்தது நான்.

மச்சானுக்கு மிஸ்ஸின் போனிலிருந்து அடித்தேன். என் குரலைக் கேட்டதும், "இன்னைக்கு எந்த வார்டு?" என்றார். அழுதேன். "நல்லா நடிக்கிற" என்று வைத்துவிட்டார். மிஸ் அடித்தார். சிங்களம் கேட்டதும் அதையும் வெட்டிவிட்டார். தோட்டத்து ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கவில்லை. நானும் வருகிறேன் என்றால் அப்பா விடவில்லை. "நீ வந்தா மாப்ள கதவையே தொறக்க மாட்டாரு" என்கிறார். உண்மைதான்.

மச்சான், கதவடியில் நின்று இதை நீங்கள்தான் முதலில் வாசிப்பீர்கள். அதனால் உங்களுக்கும் எழுதுகிறேன். ஏப்ரலில் சொன்னது பொய். இது பொய் இல்லை. மாத்திரையை வாங்கியது நான், ஒளித்தது நான், திட்டுவதை எல்லாம் எனக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்னை நம்ப வேண்டாம். அக்காவின் இரண்டு காலையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அதை நம்புங்கள்.

பஸ் வந்துவிட்டது.

சுலக்ஷனா


12.07.2025
ஏழாம் வார்டு

சுலா,

அஞ்சாம் வார்டு இல்லை, ஏழு. உன் பொய்யில் இரண்டு குறைந்துவிட்டது.

போன் இப்போது தலையணைக்கடியில்தான் இருக்கிறது. ஆனாலும் பேசினால் மூச்சு வாங்குகிறது, எழுதினால் வாங்கவில்லை. அப்பா வந்து சேர்ந்ததை அவர் சொல்லியிருப்பார். சொல்லாததை நான் சொல்கிறேன்.

மச்சான் உன் கடிதத்தைக் கதவடியில் நின்றே வாசித்தார். மழையில் பாதித் தாள் நனைந்துவிட்டது. அத்தை, "என்னாடா, என்னாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லாமல் உள்ளே வந்து, என் முன்னால் குந்தி, இரண்டு காலிலும் ஒவ்வொரு கையை வைத்தார். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர் என் காலைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இடது காலில் வைத்த கையைச் சுட்டதுபோல எடுத்துக்கொண்டார். பிறகு என்னைத் தூக்கினார். த்ரீவீலில் போகும்போது வளைவுகளில் எல்லாம் திரும்பித் திரும்பி என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். தொடையிலிருந்து கட்டி. ஒரு சின்னத் துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டதாம். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று தொடங்கிய டொக்டர் அப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வயிற்றில் தினம் ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க. பிறகு மாதக்கணக்கில் விழுங்குகிற குளிசை. அட்டைப் பூச்சியின் எச்சில்கூட இந்த ஊசி மாதிரித்தானாம், ரத்தத்தை உறையவிடாதாம். அதனால்தான் கடித்த இடத்தில் நிற்காமல் வழிகிறது. எனக்கு வழியவே இல்லையே, அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஓர் அட்டை உறையவிடாது, ஓர் அட்டை உறையவைத்தது. இந்த வேடிக்கை உன்னுடையது மாதிரி இருக்கிறதுதானே? நான் சொன்னது.

மூன்றாம் நாள் மச்சான் கேட்டார்: "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?"

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "அம்மாகிட்ட சொல்லியிருப்பேன்" என்றார். பொய் சொல்லாததால் எனக்குக் கோபம் வரவில்லை.

இனி இந்த மாத்திரை எனக்கு ஆகாது. கர்ப்பப்பைக்குள் கொப்பர் லூப் போடலாம், அதில் ரத்தத்தை உறையவைக்கிற மருந்து இல்லை என்று டொக்டர் மச்சானை வைத்துக்கொண்டே சொன்னார். "இன்னொன்னு இப்ப உண்டானா இதைவிட மோசம்" என்றும் சொன்னார். மச்சான் தலையை ஆட்டினார். அத்தையிடம் போய் என்ன சொன்னார் என்று தெரியாது. அத்தை இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை.

ஆனால் அத்தை சும்மாவும் இல்லை. கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நின்ற எல்லாரிடமும், "அந்தக் குளிசை எம் மருமகளக் கொல்லப் பாத்துச்சி" என்று சொல்லியிருக்கிறார். சுதர்ஷினி வந்து சொன்னாள், ஐந்து பேர் அன்றைக்கே அட்டையை ஓடையில் வீசிவிட்டார்களாம். அதில் ஒருத்திக்கு வீட்டில் ஏற்கெனவே நாலு. எனக்கு ஆகாதது அவர்களுக்கும் ஆகாது என்று யார் சொன்னது? படுத்துக்கொண்டே அந்த நாலு பிள்ளைக்காரியை நினைத்துப் பயப்படுகிறேன்.

இரவில் மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன் சுலா. ஒன்று தவறினால் அடுத்ததை இரண்டாக இழுக்க முடியாதே.

நீ அழுகிறாய் என்று அப்பா சொன்னார். அழாதே. ஆனால் ஒரு காரியம் செய். நீயும் அம்மா வயிற்றில் பிறந்தவள்தான். நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும், உன்னிடமும் யாராவது அதே கேள்வியைக் கேட்பார்கள். பகடி பண்ணாமல் பதில் சொல்.

அக்கா


வட்டகொடை
20.07.2025

அக்கா,

நாளைக்கா, அடுத்த கிழமையா என்று யோசிக்காமல் நேற்றே கிளினிக்குக்குப் போனேன். கல்யாணமாகாத பெண் அந்த வரிசையில் நின்றால் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். பேசினார்கள். எங்கள் லயத்து நாகலெட்சுமி அக்கா, "எத்தன மாசம்டி?" என்றே கேட்டுவிட்டார். வாயில் பதில் வந்தது, விழுங்கிவிட்டேன்.

மிஸ் ஒரு கார்டு எடுத்து என் பெயரை எழுதினார். குடும்ப வரலாறு என்று இருந்த இடத்தில், "தாய், பரிமளம், 2012, காலில் ரத்தம் உறைந்து" என்று சிங்களத்தில் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். பதின்மூன்று வருடமாக அப்பா கணக்கில் நம் அம்மா அட்டை கடித்துச் செத்தவள் என்று இருந்தாள். நேற்றிலிருந்து இல்லை.

நீ எழுதிய ஐந்து பேரைப் பற்றியும் சொன்னேன். உங்கள் பக்கத்து மிட்வைஃபுக்குப் போன் அடித்து, திங்கட்கிழமையே உங்கள் லயத்துக்குப் போகச் சொன்னார். பிரஷர் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, ஆகிறவர்களுக்குத் திரும்பக் கொடுப்பார்களாம். ஆகாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறதாம்.

பிறகு நான் மிஸ்ஸிடம் ஒன்று சொன்னேன். "ரத்தக்கட்டுன்னு கேக்காதீங்க மிஸ். எங்களுக்கு அது அடிபட்டா வர்றது. ஒத்தக் கால் வீங்கி, மூச்சு முட்டி, வூட்டுல யாராச்சும் செத்தாங்களான்னு கேளுங்க."

மிஸ் டயரியைத் திறந்து, நான் சொல்லச் சொல்ல அந்தத் தமிழ் வசனத்தைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். 'ஒத்தக் கால்' என்பதில் 'ற' வருமா 'த' வருமா என்று கேட்டார். எப்படிச் சொன்னாலும் புரியும் மிஸ் என்றேன். அப்படியே எழுந்து, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து அதை வாசித்தார்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. முதலில் பின்வரிசையில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி.

மூன்றாவதாக நாகலெட்சுமி அக்கா எழுந்து நின்றார். இடுப்பில் பிள்ளை, கையில் அன்றைக்குத்தான் வாங்கிய மாத்திரை அட்டை.

"மிஸ், எங்கம்மாவுக்கும் அட்டைக்கடின்னுதான் சொன்னாங்க" என்றார்.

சுலக்ஷனா